ஸ்டேபிள் சர்வரில் டிரைவரை மாற்றலாமா?

டெபியன் 12 என்ற லினக்ஸ் ஓடும் ஒரு சர்வர். போர்டில் ரியல்டெக் ஆர்டிஎல்8111 நெட்வொர்க் சிப். மூன்று நாளுக்கு ஒருமுறை நெட் விழுகிறது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் எழுதும் லாகைத் திறந்தால் ‘நெட்டெவ் வாட்ச்டாக்’ என்று ஒரு வரி, ‘டிரான்ஸ்மிட் கியூ 0 டைம்டு அவுட்’ என்ற புகார், பக்கத்திலேயே ஆர்8169 என்று, சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவரின் பெயர். பெயர் அங்கே இருப்பதால் பழி முழுக்க டிரைவர் மேல் விழுகிறது. கர்னலோடு வரும் ஆர்8169-ஐத் தூக்கிவிட்டு, ரியல்டெக்கின் ஆர்8168-ஐப் போடு என்பதுதான் உடனே கிடைக்கும் யோசனை.

கொஞ்சம் பொறுங்கள். அனுப்பக் கொடுத்த பாக்கெட் குறித்த நேரத்துக்குள் போய்ச் சேர்ந்ததாகக் கார்டு சொல்லவில்லை என்பது மட்டுமே அந்த வரியின் பொருள். ஏன் என்று அது சொல்வதில்லை.

முதலில் கேபிள். லிங்க் 1000-லிருந்து 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கி ஏறுகிறதா என்று லாகில் பாருங்கள். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடி கம்பியும் வேண்டும், 100-க்கு இரண்டு போதும். ஒரு ஜோடி கனெக்டரில் சரியாக அழுந்தி கிரிம்ப் ஆகவில்லை என்றாலும் இப்படித்தான் ஆட்டம் காட்டும். கேபிளையும் சுவிட்ச் போர்ட்டையும் ஒவ்வொன்றாக மாற்றுங்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். சிப்புக்குள் ஏற்றப்படும் மென்பொருளான ரியல்டெக் ஃபர்ம்வேர் பேக்கேஜ் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். டெபியன் 12-இல் அது ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ பகுதியில் இருக்கிறது.

அடுத்து, ரீபூட் செய்தால் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும் மாற்றங்கள். ஈத்டூல் என்ற கட்டளை கொண்டு, பெரிய தரவைப் பாக்கெட்டுகளாகப் பிரிப்பதைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளும் டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ இரண்டையும் அணையுங்கள். பலன் இல்லையென்றால் மின்சேமிப்புக்கான ஈஈஈ-ஐ அணையுங்கள். அதற்கும் சரியாகவில்லையா, பிசிஐ எக்ஸ்பிரஸ் பக்கத்து மின்சேமிப்பான ஏஎஸ்பிஎம்-ஐ அணைத்துப் பார்க்க வேண்டும். கணினி தொடங்கும்போது வரும் க்ரப் மெனுவில் ‘இ’ விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் அதை அணைக்கும் பூட் அளவுருவைச் சேர்த்தால் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் செல்லும். குணமானது உறுதியான பிறகு க்ரப் ஃபைலில் எழுதிக்கொள்ளலாம். மூன்று நாளுக்கு ஒருமுறை வரும் கோளாறு என்றால் ஒன்பது நாளாவது காத்திருக்க வேண்டும். ஒரு நாள் ஒழுங்காக ஓடியதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இத்தனைக்குப் பிறகும் விழுந்தால்தான் டிரைவர் மாற்றும் பேச்சு. ஆர்8168 டிகேஎம்எஸ் வழியாக வரும், அதாவது கர்னல் அப்டேட் வரும்போதெல்லாம் உங்கள் மெஷினிலேயே புதிதாகக் கம்பைல் ஆகும். கர்னல் ஹெடர்கள் பேக்கேஜ் இல்லாவிட்டால் கம்பைல் ஆகாது. பழைய டெபியனுக்காகத் தரப்படும் புதிய கர்னலான பேக்போர்ட்ஸ் கர்னலுக்குத் தாவினாலும் சிக்கலாம். கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் ஏற்றும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால், டிரைவர் மாட்யூலில் போடும் கையெழுத்தின் சாவியை முன்பே பதிவு செய்திராவிட்டால் ஏறாது. ஆர்8169-ஓ, ஏற்றக்கூடாதவற்றின் பட்டியலான பிளாக்லிஸ்டில் இருக்கும். ஆக, ராத்திரி பாதுகாப்பு அப்டேட் வந்து ரீபூட் ஆனால் காலையில் நெட்டே இருக்காது, எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்து சரிசெய்யவும் வழியில்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு நிமிடம் விழுவதைவிட இது மோசம். மானிட்டரோ ரிமோட் கன்சோலோ கைக்கெட்டாத சர்வரில் இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

வெளிவந்த கர்னலுக்குத் திருத்தங்களை மட்டும் சேர்க்கும் ஸ்டேபிள் கர்னலைப் பராமரிப்பவர்களும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள். ஸ்டேபிளுக்குள் போகும் பேட்ச், அதாவது திருத்தம், ஏற்கெனவே கர்னலின் மூல வரிசையான மெயின்லைனில் சேர்ந்திருக்க வேண்டும், உண்மையான கோளாறைச் சரிசெய்ய வேண்டும், சுற்றியுள்ள வரிகளையும் சேர்த்து 100 வரிக்கு மேல் போகக்கூடாது என்பது அவர்கள் விதி. அவ்வளவு கவனத்திலும் தவறு நடக்கும். 2023 டிசம்பரில் ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமைக்கான ஒரு திருத்தம், அது சார்ந்திருந்த இன்னொரு பேட்ச் இல்லாமலே 6.1.64 கர்னலுக்குள் வந்து, கோப்புகளிலுள்ள தரவு சிதையும் ஆபத்தை உண்டாக்கியது. டெபியன் 12.3 நிறுத்தப்பட்டு, டிசம்பர் 10 அன்று 12.4 வந்தது. ஒரே ஒரு திருத்தம் விடுபட்டதற்கே இவ்வளவு. முழு டிரைவரையும் மாற்றும்போது எத்தனை சார்புகள் அசையும் என்று எண்ணிப் பாருங்கள்.

டெஸ்க்டாப் என்றால் பேக்போர்ட்ஸ் கர்னலை முயலலாம். ஆர்8169-இன் புதிய பதிப்பும் அதிலேயே வந்துவிடும், சரிப்படாவிட்டால் க்ரப்பில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்துத் திரும்பலாம். சர்வருக்கோ, பிசிஐ ஸ்லாட் காலியாக இருந்தால் வேறு சிப் உள்ள கார்டைச் செருகிவிட்டு, போர்டிலுள்ள ரியல்டெக்கை பயாஸில் அணைப்பதே என் தேர்வு. அந்தக் கார்டின் டிரைவரும் கர்னலோடு வருவதாக இருக்கட்டும்.