விதைக்கிறவன்

அக்டோபர் 4, ஓட்டர்லோ, நெதர்லாந்து

குரோலர்-முல்லர் மியூசியம் காட்டுப் பூங்காவின் நடுவே இருக்கிறது. வாசலில் இலவசமாகத் தரும் வெள்ளை சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். வான்கோவின் ‘விதைப்பவன்’ ஓவியத்தின் முன்னால் நின்றதும் நகர மனசு வரவில்லை. 1888 ஜூனில், தெற்கு பிரான்சின் ஆர்ல் ஊரில் வரைந்தது. அகலம் 80 சென்டிமீட்டர்தான். அதில் பெரும்பகுதி உழுத நிலம். ஓர் ஓரமாக ஒரு ஆள், கையை வீசி விதைத்தபடி நடக்கிறான். துணைக்கு நிலத்தில் சில காக்கைகள் மட்டும்.

கிட்டப் போய்ப் பார்த்தால் அது நிலமாகவே தெரியவில்லை. ஊதா, நீலம், ஆரஞ்சு என்று குட்டை குட்டையான தீற்றல்கள், ஈரச் சேற்றை அப்பியதுபோலத் தடிப்பாக. நாலடி பின்னால் வந்தால் மண்கட்டிகளாகிவிடுகின்றன. இவ்வளவு மண்ணையும் இவன் ஒருவனே நடந்து கடக்க வேண்டும்! தனிமையைக் காட்ட அவனுக்குச் சோகமான முகம் எதுவும் தேவைப்படவில்லை, அந்த மண்ணே போதுமாக இருக்கிறது.

அக்டோபர் 5

இரவு, வான்கோ தன் நண்பர் எமில் பெர்னாருக்கு இந்த ஓவியத்தைப் பற்றி எழுதிய கடிதத்தைப் படித்தேன். சூரியனுக்கு குரோம் மஞ்சள் என்ற வண்ணத்தில் ஒன்றாம் எண்ணோடு கொஞ்சம் வெள்ளை; மற்ற வானத்துக்கு ஒன்றும் இரண்டும் கலந்தது. சமையல் குறிப்பு மாதிரி அத்தனை துல்லியம்.

அப்புறம்தான் உறைத்தது: விதைப்பவனுக்குப் பின்னால் கோதுமை விளைந்து நிற்கிறது. ஜூன் ஆர்லில் அறுப்புக் காலம், அப்போது யாரும் கோதுமை விதைப்பதில்லை. பிரெஞ்சு ஓவியர் மில்லே 1850-இல் வரைந்த விதைப்பவனை வான்கோ பல வருஷமாக மனதில் சுமந்துகொண்டிருந்தார். அந்த ஆளை ஆர்ல் வெயிலுக்குள் இறக்கிவிட்டிருக்கிறார். கண்ணால் கண்டதை மட்டும் வரைந்தவர் என்று அவரைச் சொல்வதை இனி என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

அக்டோபர் 7, ஆம்ஸ்டர்டாம்

வான்கோ மியூசியத்தில் அதே ஆண்டு நவம்பரில் வரைந்த விதைப்பவன். முந்தையதில் ஏறக்குறையப் பாதி அகலம்தான். அப்போது ஓவியர் கோகான் ஆர்லுக்கு வந்து அவரோடு தங்கியிருந்தார்; நினைவிலிருந்து வரையச் சொல்லி வற்புறுத்திய காலம். இதில் ஆள் கண்ணுக்கு எதிரே வந்துவிட்டான். குறுக்கே சாய்ந்த ஒரு மரம், பச்சை கலந்த மஞ்சள் வானம், இளஞ்சிவப்பு மேகம். எலுமிச்சை நிறச் சூரியன் தலைக்குப் பின்னால் ஒளிவட்டமாக நிற்கிறது.

எல்லோரும் இதைத்தான் கொண்டாடுகிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒளிவட்டம் வந்ததும் அவன் புனிதனாகிவிடுகிறான். எனக்கு ஜூன் மாதத்து ஆள்தான் பிடித்திருக்கிறது. அவன் வெறும் கூலியாள், இன்னும் பாதி வயல் பாக்கி.

இதே நவம்பர்க் காட்சியைப் பெரிய கித்தானிலும் தீட்டியிருக்கிறார். அது சூரிச்சில் இருக்கிறது. அந்த அளவில் பார்த்தால் என் எண்ணம் மாறுமோ என்னவோ. ரயில் கட்டணம் விசாரிக்க வேண்டும்.