குறைந்த கட்டணத்தில் மனநல சிகிச்சை: எங்கே தேடலாம், எப்படிக் கேட்கலாம்

மனநல சிகிச்சை தேவை என்று உணர்ந்த பிறகும், கட்டணத்துக்கு அஞ்சியே அதைத் தள்ளிப்போடுபவர்கள் பலர். வசதி குறைவு என்பதற்காக ஒருவர் தம் வேதனையோடு தனியே போராட வேண்டியதில்லை.

முதலில் விசாரிக்க வேண்டியவை, உளவியல் படிப்பு நடத்தும் பல்கலைக்கழகங்களோடு இணைந்த பயிற்சி மையங்கள். அங்கே சிகிச்சை அளிப்பவர் மாணவர் என்பதாலேயே பலர் தயங்குகிறார்கள். அது தேவையற்ற தயக்கம் என்பது என் உறுதியான கருத்து. மாணவர் அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில்தான் பணியாற்றுகிறார் என்பதால், நம் சிக்கலை ஒருவருக்கு இருவராகச் சிந்திக்கிறார்கள். இங்கிலாந்தில் மனச்சோர்வு கொண்ட 440 பேரிடம் நடத்தப்பட்டு 2016-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், உளவியல் சிகிச்சையில் தொழில்முறைப் படிப்பு இல்லாத இளநிலைப் பணியாளர்கள் உரிய பயிற்சி பெற்று அளித்த எளிய நடத்தைசார் சிகிச்சை, தேர்ந்த சிகிச்சையாளர்கள் அளித்த சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றிக்கொள்ள உதவும் பேச்சுவழி முறை) சிகிச்சைக்குக் குறையாத பலனை, அதைவிடக் குறைந்த செலவில் தந்தது. ஆனால், அமர்வுகள் பதிவு செய்யப்படுமா, அவற்றை யார் கேட்பார்கள் என்பதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

தனியாகப் பணியாற்றும் சிகிச்சையாளர்களிலும் சிலர் வருமானத்துக்கு ஏற்பக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். அதை அவர்களாகச் சொல்லும்வரை காத்திராமல், "மாதம் இவ்வளவுதான் என்னால் தர முடியும், அதற்குள் பார்க்க இயலுமா, இல்லையென்றால் வேறு யாரையாவது பரிந்துரைப்பீர்களா?" என்று முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேட்டுவிட வேண்டும். அவர்கள் அன்றாடம் எதிர்கொள்ளும் கேள்விதான் இது. பல அமர்வுகள் முடிந்து நம்பிக்கை வளர்ந்த பின், பணமில்லாமல் பாதியில் நிறுத்துவதுதான் உண்மையில் வலிக்கும். நிலைமை சற்றுத் தேறியதும் வாரம் ஒருமுறை என்பதை இரு வாரங்களுக்கு ஒருமுறையாக மாற்றலாமா என்பதையும் அவரோடு கலந்தே முடிவு செய்யலாம்.

குழு சிகிச்சையில் ஒருவருக்கான செலவு வெகுவாகக் குறையும். அறிமுகமில்லாதவர்கள் முன் பேசுவது கடினம் என்பது உண்மையே. எனினும், பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் அது நல்ல பலன் தரக்கூடியது. பணியிடத்தில் இலவச ஆலோசனை உண்டா, காப்பீட்டில் மனநலம் அடங்குமா என்பதையும் பார்த்துவிடலாம்.

கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், சிகிச்சையாளரின் படிப்பையும் தொழில்முறைப் பதிவையும் கேட்டறிய வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் மட்டும் இந்தத் தேடல் எதற்கும் காத்திருக்கக் கூடாது. நம்பகமான ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, அருகிலுள்ள மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே செல்ல வேண்டும்.