சுருக்குக் கம்பிகளுக்கு நடுவே சிறுத்தைகள்

இலங்கையில் வேங்கைப் புலி கிடையாது. இத்தீவின் காடுகளில் உச்ச வேட்டை விலங்கு சிறுத்தைதான். உலகில் வேறெங்கும் இல்லாத துணையினமான அது, மலையகத்தில் ஹோட்டன் சமவெளியிலும் சிவனொளிபாதமலைச் சரணாலயத்திலும் மட்டும் அடங்கிக் கிடப்பதில்லை. ஓடைக்கரைகளில் எஞ்சியிருக்கும் காட்டுத் துண்டுகள், டர்பன்டைன் எனப்படும் வெளிநாட்டு மரத் தோப்புகள், கைவிடப்பட்டுப் புதர் மண்டிய தேயிலை மலைகள் ஆகியவற்றின் வழியாக ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போய்வருகிறது. களப்பணியாளனாக நான் தானியங்கிக் கமெராக்களைக் கட்டுவதும் அந்த வழிகளில்தான். உடற்புள்ளிகளின் அமைப்பு ஒவ்வொன்றுக்கும் வேறுபடுவதால் எந்தச் சிறுத்தை என்பதைப் படத்திலிருந்தே அறியலாம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் மக்கள் உறங்கும் வேளையில் மிக அருகே அது கடந்துபோயிருப்பதையும் படங்கள் காட்டும்.

இப்பணியில் என்னை மிகவும் வருத்துவது சுருக்குக் கம்பி. மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பியையோ வேலிக் கம்பியையோ வளையமாக்கி, காட்டுப் பன்றி நுழையும் இடைவெளியில் அதன் தலை உயரத்துக்குக் கட்டிவைக்கிறார்கள். பன்றியின் கழுத்துக்கென்று வைத்த வளையத்துக்குள் சிறுத்தையின் தலையும் தோள்களும் நுழைந்துவிட்டால், கம்பி இடுப்பில் இறுகுகிறது. விடுபடத் துள்ளுந்தோறும் அது தோலை அறுப்பதோடு நில்லாமல் உள்ளுறுப்புகளையும் நசுக்குவதால், உயிரோடு மீட்கப்பட்ட சிறுத்தையும் பின்னர் இறந்துவிடக்கூடும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் கம்பியில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை, உடவளவையில் சிகிச்சை பெற்றும் சில நாட்களில் இறந்தது.

தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. ஆனாலும் சட்டத்தைச் சொல்லி மட்டும் கம்பியை எடுக்கவைக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். "தம்பி, ஒரே இராத்திரியில பன்றி கிழங்கையெல்லாம் கிளறிப் போட்டுடுச்சி, நாங்க என்ன செய்றது?" என்று கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் கேட்டார். நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு லயத்தின் பின்னாலுள்ள மரக்கறித் தோட்டம் எத்தகைய ஆதாரம் என்பதை அறிந்தவர்கள் இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க மாட்டார்கள். தகர வேலி அடைக்க நிர்வாகம் உதவ வேண்டும். தொழிலாளர்களையே அழைத்துக்கொண்டு மலை மலையாகக் கம்பி தேடி அகற்ற வேண்டும். பன்றிக் குட்டிகளைச் சிறுத்தை இரையாக்குகிறது என்பதையும் எடுத்துச் சொல்ல வேண்டும். இறைச்சி விற்பனைக்காகவே கம்பி வைப்பவர்கள் வேறு. அவர்களிடம் கடுமை காட்டத்தான் வேண்டும்.

தொழிலாளர்களின் அச்சமும் நியாயமானது. தேயிலைச் செடிகளுக்கிடையே குட்டிகளோடு படுத்திருக்கும் தாய், எதிர்பாராமல் ஆள் நெருங்கினால் பாயக்கூடும். ஆகவே, மலைக்குள் இறங்குமுன் சத்தமெழுப்பவும், இரவில் நாய்களை உள்ளே கட்டவும் சொல்லித் தருகிறோம். சிறுத்தை சிக்கியதாகச் செய்தி வந்தால், வனஜீவராசிகள் திணைக்களத்தின் கால்நடை மருத்துவர் வந்துசேரும்வரை கூட்டத்தை விலக்கி வைப்பதே எங்கள் முதல் வேலை. ஆட்கள் சூழச் சூழ அது மேலும் திமிறும். கம்பியும் மேலும் இறுகும்.

ஓடைக்கரைக் காடுகள் விறகுக்காகவும் மரக்கறிச் செய்கைக்காகவும் அழிந்துவருகின்றன. லயங்களுக்குக் குடிநீர் தரும் ஊற்றுகளைக் காப்பவையும் அந்தக் காடுகளே. ஓடையின் இரு கரைகளிலும் மரம் வெட்டாதிருக்கவும், வெறுமையான இடங்களில் டர்பன்டைனுக்குப் பதிலாக அம்மண்ணுக்குரிய மரங்களை நடவும் ஒவ்வொரு தோட்ட நிர்வாகத்திடமும் கேட்டுவருகிறேன்.