மஞ்சள் லைற்றோடு பதினொரு நாள்

ஆடியில் கல்யாணம் இல்லை. கல்யாண வீடியோ வெட்டிக் கொடுத்துப் பிழைக்கிற எனக்கும் வேலை இல்லை. ஆவணி பிறப்பதற்குள் பழைய லெப்டொப்புக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, ஒரு டெஸ்க்டொப்பை நானே பூட்டிவிடலாம் என்று இறங்கினேன். சாமான்களைப் பம்பலப்பிட்டியில் வாங்கி, மதர்போர்ட் பெட்டியை மடியில் வைத்தபடி இரவு பஸ்ஸில் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தேன். ரைசன் 5 7600 சிபியு (கணக்கெல்லாம் பார்க்கும் சில்லு), ஒரு பி650 மதர்போர்ட், 16 ஜிபி டிடிஆர்5 ரேம் இரண்டு, சிபியுவின் சூட்டைத் தணிக்கக் கோபுரம் மாதிரி உயர்ந்த ஒரு கூலர், 650 வொட் பவர் சப்ளை. கிராபிக்ஸ் கார்டுக்குக் காசு மிஞ்சவில்லை. 7600 இலேயே மொனிற்றருக்குப் படம் அனுப்பும் பகுதி இருப்பதால் அதற்கு அவசரமும் இல்லை.

பூட்டி முடித்து சுவிட்சைப் போட்டேன். காற்றாடிகள் சுற்றின. திரை கறுப்பு. போர்டின் ஓரத்தில் நான்கு சின்ன லைற்றுகள் இருக்கும்: சிபியு, டிராம், விஜிஏ, பூட். எந்த இடத்தில் சிக்கல் என்று காட்டுவது அவற்றின் வேலை. டிராம், அதாவது ரேம், என்று எழுதியதற்குப் பக்கத்தில் மஞ்சள் லைற் எரிந்தபடியே நின்றது. ஒரு நிமிடம் பார்த்தேன், நிறுத்தினேன். திரும்பப் போட்டேன், திரும்ப நிறுத்தினேன். இப்படி ஐந்தாறு தரம்.

கனடாவில் இருக்கும் சித்தப்பாவின் மகனுக்கு வொட்ஸ்அப்பில் அந்த லைற்றைப் படம் பிடித்து அனுப்பினேன். அண்ணாவிடமிருந்து குரல் செய்தி வந்தது: "தம்பி, அதை நிப்பாட்டாத. அப்பிடியே விட்டுட்டுப் போய் ஒரு பிளேன்டீ குடி."

விசயம் இதுதான். இந்த வகை போர்டில் டிடிஆர்5 ரேமை முதன்முதல் போடும்போது, அந்த ரேமோடு எந்த நேரக்கணக்கில் பேசுவது என்று போர்ட் தானே அளந்து பார்க்கும். அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதுவரை திரையில் ஒன்றும் வராது. இடையில் நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்கும். நான் செய்துகொண்டிருந்தது அதைத்தான். பிளேன்டீ குடித்துவிட்டு வந்தபோது மொனிற்றரில் பயோஸ், அதாவது போர்டின் சொந்த அமைப்புத் திரை, நின்றது. அன்றிரவே விண்டோஸும் போட்டாயிற்று. எல்லாவற்றையும் துப்புரவாக மூடி, மேசைக்குக் கீழே நிறுத்திவிட்டுப் படுத்தேன்.

விடிய எழும்பிப் போட்டால் மறுபடி அதே மஞ்சள். இந்தத் தரம் கால் மணித்தியாலம் பொறுத்துப் பார்த்தேன். அசையவில்லை. நிறுத்திப் போட்டால் ஒருக்கால் வரும், மூன்று தரம் வராது.

திருகோணமலையில் எது பழுதானாலும் குற்றவாளி தயார்: உப்புக் காற்று. ஜன்னல் கம்பி, சைக்கிள் றிம், மின்விசிறி எல்லாவற்றுக்கும் அதே தீர்ப்புத்தான். அப்பாவும் அதையே சொன்னார். பெட்டி உடைத்து முழுதாக ஒரு நாள்கூட ஆகாத சாமானை உப்பு தின்றிருக்க வழியில்லை. அடுத்தது கரண்ட். பக்கத்து வீட்டு மாமா மல்டிமீற்றர் கொண்டுவந்து பிளக்கில் வைத்தார், 230க்குக் கிட்டத்தான் நின்றது. பவர் சப்ளையின் 12 வோல்ற் வயரில் 12.1 காட்டியது. 11.4க்கும் 12.6க்கும் இடையில் நின்றால் சரி. நின்றது.

இரண்டாம் நாள் நான் செய்தது சுத்த மடத்தனம். பயோஸைப் புதுப்பித்து, போர்டில் இருக்கும் சின்னப் பற்றரியைக் கழற்றிப் பூட்டி, ரேம் இரண்டையும் இடம் மாற்றி, பவர் வயர்களையும் அழுத்திவிட்டுப் போட்டேன். உடனே வந்தது. எதனால் வந்தது? தெரியாது. பின்னேரம் மீண்டும் வராமல் போனபோது கையில் ஒரு தடயமும் இல்லை. அதற்குப் பிறகுதான் தங்கச்சியின் பழைய சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன். ஒரு முறைக்கு ஒரு மாற்றம், நேரம், என்ன செய்தேன், வந்ததா இல்லையா. ஏதோ ஒரு நினைப்பில் பெட்டி எங்கே எப்படி இருந்தது என்பதையும் எழுதிவந்தேன்.

ரேமிலிருந்து தொடங்கினேன். ரேமை 6000 வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்போ என்ற பயோஸ் அமைப்பை நிறுத்தி, சாதாரண 4800 இல் விட்டேன். அப்போதும் அதே கதை. பிறகு ஒரு ரேமை மட்டும் சிபியுவிலிருந்து இரண்டாவது இடத்தில், அதாவது ஏ2 இல் போட்டேன். வந்தது. மற்ற ரேமை அதே இடத்தில் போட்டேன். அதுவும் வந்தது. நாலாவது இடமான பி2 இல் போட்டால் எந்த ரேமாக இருந்தாலும் சிலவேளை வரும், சிலவேளை வராது. பிழை ரேமோடு நகரவில்லை, இடத்தோடு நின்றது. ஆக, ரேம் இரண்டும் நல்லவை. ஒன்றைத் திருப்பிக் கொடுக்கக் கொழும்புக்குப் போகும் பஸ் காசு மிச்சம்.

போர்டில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, டவுனில் திருத்துகிற ஒரு அண்ணாவிடம் ஓட்டோவில் கொண்டுபோனேன். அவர் பெட்டியை மேசையில் சரித்து, பக்கக் கதவைக் கழற்றி, பத்துத் தரம் போட்டுப் போட்டு நிறுத்தினார். பத்துத் தரமும் வந்தது. "ஒண்டும் இல்லையே தம்பி, விண்டோஸ் பிரச்சினையா இருக்கும்" என்றார். விண்டோஸ் வரை போகவே விடாத மெசினுக்கு விண்டோஸ் என்ன பிரச்சினை கொடுக்க முடியும் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. 1,500 ரூபாய் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து மேசைக்குக் கீழே நிறுத்திப் போட்டேன். மஞ்சள்.

ஒன்பதாம் நாள் இரவு கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்தது, நித்திரை இல்லை. கொப்பியை முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். 'வந்தது' என்று எழுதிய வரிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் 'நிலத்தில், கதவு திறந்து' என்று இருந்தது. 'வரவில்லை' என்ற வரிகளில் 'மேசைக்குக் கீழே'. கதவு திறந்திருந்ததும் மூடியிருந்ததும் அல்ல விசயம். நிலத்தில் வைத்து வேலை செய்யும்போது பெட்டியைப் படுக்க வைப்பேன். மேசைக்குக் கீழே நிமிர்த்தி வைப்பேன்.

அந்த நடுச்சாமத்திலேயே சோதித்தேன். படுக்கப் போட்டு ஐந்து தரம்: ஐந்தும் வந்தது. நிமிர்த்தி ஐந்து தரம்: மூன்று வரவில்லை. பத்து நாளில் முதல் தரம் சிரித்தேன்.

நிமிர்த்தும்போது என்ன மாறுகிறது? போர்ட் செங்குத்தாகிறது. படுத்திருக்கும்போது சிபியுவை நேராக அழுத்தும் கூலர், நிமிர்ந்தால் சுவரில் அடித்த தட்டு மாதிரிப் பக்கவாட்டில் தொங்குகிறது. சிபியுவின் அடியில் 1718 தொடுபுள்ளிகள் இருக்கின்றன. ரேமோடு பேசுகிற பகுதி இருப்பதும் சிபியுவுக்குள்தான். அழுத்தம் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்து, ரேமுக்குப் போகிற சில புள்ளிகள் ஒழுங்காகத் தொடாவிட்டால், போர்டுக்குத் தெரிவதெல்லாம் ரேம் பதில் சொல்லவில்லை என்பதுதான். மஞ்சள் லைற் பொய் சொல்லவில்லை. நான் தப்பான சாமானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதோடு இன்னொன்றும் ஞாபகம் வந்தது: கூலரின் ஒரு திருகாணியை முழுவதும் இறுக்கிவிட்டுத்தான் மற்றதைத் தொட்டிருந்தேன்.

காலையில் கொஞ்சநேரம் மெசினை ஓடவிட்டேன். சிபியுவுக்கும் கூலருக்கும் இடையில் பூசிய பேஸ்ட் சூட்டில் இளகும், கூலர் இலகுவாகக் கழரும். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு தரம் அமத்தி மிச்சக் கரண்டையும் விட்டபின் கூலரை மெதுவாகத் திருப்பி எடுத்தேன். சாட்சி அங்கேயே இருந்தது. பேஸ்ட் ஒரு கரையில் உலோகம் தெரியுமளவு மெல்லிசாக, எதிர்க்கரையில் அப்பம் மாதிரித் தடித்திருந்தது. சிபியுவைத் தூக்கி, டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். சிபியு உட்காரும் சொக்கற்றில் ஒரு ஊசியும் வளையவில்லை. அந்த ஊசிகளில் விரல் பட்டால் பிறகு போர்டையே மறக்க வேண்டியதுதான், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன்.

பாமசியில் வாங்கிய ஐசோப்ரோப்பைல் அல்கஹோலால் துடைத்து, புதுப் பேஸ்ட் வைத்து, இந்தத் தரம் இரண்டு திருகாணிகளையும் மாறி மாறி அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்கினேன். ஏ2, பி2 இரண்டிலும் ரேம். பெட்டியை மூடி நிமிர்த்தினேன். வந்தது. அடுத்த நாள் விடியவும் வந்தது. நிமிர்த்தியபடி இருபது தரம் போட்டு இருபதையும் கொப்பியில் எழுதினேன். எக்ஸ்போவை மீண்டும் 6000க்கு வைத்தபோது திரை கறுத்து, மஞ்சள் எரிந்தது. பிளேன்டீ ஊற்றப் போனேன்.

ஆவணியில் முதல் கல்யாண வீடியோவைக் கொடுத்துவிட்டு வரும் வழியில் டவுன் அண்ணாவிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் தன் மேசையைப் பார்த்தார். அதில் மூன்று பெட்டிகள் வரிசையாகப் படுத்திருந்தன.

"இஞ்ச எல்லாத்தையும் படுக்க வச்சுத்தானே தம்பி பாக்கிறம்" என்றார்.