ஆரல்வாய்மொழிக் காற்றும் டென்மார்க் மிஷினும்

ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று மலைகளுக்கு நடுவே நெருக்குண்டு வேகமெடுத்து வரும். அதை நம்பித்தான் முப்பந்தலில் காற்றாலைகள் எழுந்தன. தொண்ணூறுகளில் நான் அங்கே சர்வீஸ் இன்ஜினியர். என் பொறுப்பில் இருந்தவை டென்மார்க் வடிவமைப்பில் வந்த மிஷின்கள்: மூன்று இறக்கை, கியர்பாக்ஸ், ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுழலும் இண்டக்‌ஷன் ஜெனரேட்டர். எளிமையானவை, உறுதியானவை.

ஆனால் லைனில் கரண்ட் எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டவை. எங்களுக்கோ சீசனில், காற்று உச்சத்தில் இருக்கும்போதுதான் கரண்ட் போகும். போன நொடியில் ஜெனரேட்டரின் சுமை இல்லாமலாகி இறக்கைகள் வேகமெடுக்கும். உடனே பிரேக் பிடித்தாக வேண்டும். எப்போதாவது நடக்க வேண்டிய அவசர நிறுத்தம் அடிக்கடி நடந்தால் கியர்பாக்ஸ் தாங்காது. போதாததற்கு, இந்த வகை ஜெனரேட்டர் தன் காந்தப்புலத்தை உண்டாக்க வேண்டிய ரியாக்டிவ் பவரை லைனிலிருந்தே இழுக்கும். அதை ஈடுகட்டும் கப்பாசிட்டர் சரியில்லையென்றால், ஏற்கெனவே தளர்ந்திருக்கும் வோல்டேஜ் இன்னும் இறங்கும்.

டென்மார்க்கிலிருந்து வந்த பொறியாளர் ஒருவர் முதலில் எங்கள் பராமரிப்பைத்தான் சந்தேகப்பட்டார். எங்கள் ஆபரேட்டர் அண்ணாச்சி தன் ரீடிங் நோட்டை மேசையில் எடுத்து வைத்தார். எத்தனை மணிக்கு மிஷின் டிரிப் ஆகி நின்றது, அப்போது காற்று எவ்வளவு, வோல்டேஜ் எவ்வளவு, எல்லாம் தேதிவாரியாக இருந்தது. “சார், அவரைச் சாயங்காலம் வரைக்கும் நிக்கச் சொல்லுங்க, அவரே பாத்துக்கிடட்டும்” என்றார் என்னிடம். அவரும் நின்றார். கரண்ட் போனது, பிரேக் பிடித்தது. அப்புறம் அந்த நோட்டைப் பக்கம் பக்கமாக நகலெடுத்துக்கொண்டார்.

இரண்டு நாட்டுக் கூட்டு ஆராய்ச்சி என்பதை நான் முதலில் கண்டது அந்த மேசையில்தான். ஒப்பந்தமும் இறக்குமதியும் அதற்கு முன்பே முடிந்திருந்தன.

1998இல் டென்மார்க் அரசின் உதவியோடு சென்னையில் காற்றாலைத் தொழில்நுட்ப மையம் வந்தது; கயத்தாறில் அதன் சோதனை நிலையம். டென்மார்க்கின் ரிசோ ஆய்வகமும் நம் நாட்டு நிறுவனங்களும் சேர்ந்து, இந்தியக் காற்றாலைகளில் அளவெடுத்து, பலவீனமான கிரிட்டில், அதாவது மின்கட்டமைப்பில், காற்றாலைகளை எப்படி இணைப்பது என்று 2000இல் அறிக்கை தந்தன. அதைப் படித்தபோது எங்கள் தினசரிப் பாடுகளுக்கு ஒரு மரியாதை கிடைத்ததுபோல இருந்தது. இதற்கெல்லாம் முன்பே நாடெங்கும் காற்றை அளக்கும் பணியை முன்னின்று நடத்தியவர் வானிலை விஞ்ஞானி அன்னா மணி. வெளிநாட்டு உதவியைப் பேசுகிறவர்கள் அவரை விட்டுவிடுவது எனக்குப் பொறுக்காது.

பழைய சிறு காற்றாலைகளைப் புதுப்பிக்கவும் மாற்றவும் தமிழ்நாடு அரசு 2024இல் கொள்கை வெளியிட்டிருக்கிறது. மிஷின்கள் இறங்கட்டும், நல்லதுதான். ஆனால் கன்ட்ரோல் ரூம் அலமாரிகளில் இருக்கும் அந்த ரீடிங் நோட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடக் கூடாது. ஸ்கேன் செய்து இரண்டு நாட்டு ஆய்வாளர்களுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும். எழுதிய ஆபரேட்டர்களின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.