வாசல் கேமராவும் கல்யாணக் கூட்டமும்

புரசைவாக்கத்தில் எங்கள் ஜவுளிக்கடை வாசலுக்கு மேலே ஒரு கேமரா மாட்டியிருக்கிறோம். திருடனைப் பிடிக்க இல்லை, தலை எண்ண. திரையில் வாசலுக்குக் குறுக்கே ஒரு கோடு. அதைத் தாண்டி உள்ளே வரும் ஒவ்வொரு தலையும் கணக்கில் ஏறும். பில் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், வந்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று தெரியும்.

முதல் வாரக் கணக்கைப் பார்த்து முதலாளிக்கு முகமே வாடிவிட்டது. "இத்தனை பேர் வந்து சும்மாவா போறாங்க?" அப்புறம் வீடியோவை ஓட்டிப் பார்த்தேன். முகூர்த்தப் புடவை எடுக்க ஒரு குடும்பம்: கல்யாணப் பெண், அம்மா, பெரியம்மா, அத்தை, இரண்டு வாண்டுகள். தலை ஆறு, பில் ஒன்று. போதாததற்கு, நம் செக்யூரிட்டி அண்ணன் டீ குடித்துத் திரும்பிய ஒவ்வொரு முறையும் புது வாடிக்கையாளராக ஏறியிருக்கிறார்!

இப்போது சேர்ந்து வருபவர்களை ஒரே குழுவாக எண்ணி, ஊழியர்களைக் கழித்துவிடுகிறோம்.

எங்கே அதிக நேரம் நிற்கிறார்கள் என்று நிறத்தில் காட்டும் வரைபடமும் உண்டு. அதில் செக்கச்செவேலென்று இருந்தது பட்டுப் பிரிவு என்றுதானே நினைப்பீர்கள்? ஏசிக்குக் கீழே போட்டிருக்கும் நாற்காலிகள். சென்னை வெயில் அப்படி. சரி, ஆண்கள் சட்டை ஸ்டாண்டை அங்கேயே நகர்த்தச் சொல்லியிருக்கிறேன்.