கைது மெமோவில் எழுதும் நேரம்

"சின்ன விசாரணைதான், ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க" என்று காலை பத்து மணிக்கு ஒருவரைக் கூட்டிப் போகிறார்கள். கைது மெமோவில், அதாவது கைதைப் பதிவு செய்யும் போலீஸ் தாளில், கைது நேரமாக இருப்பதோ மறுநாள் மாலை ஆறு மணி. நடுவே போன 32 மணி நேரத்துக்குக் காகிதத்தில் சுவடே இல்லை. அடி, மிரட்டல், வெற்றுத்தாளில் கையெழுத்து எல்லாவற்றுக்கும் இந்த இடைவெளிதான் வசதி. அதனால், கைது விஷயத்தில் முதலில் காப்பாற்ற வேண்டியது நேரத்தை.

அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 22(2), பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 58 (கீழே வரும் பிரிவு எண்களும் இந்தச் சட்டத்தினுடையவைதான்) இரண்டும் சொல்வது ஒன்றுதான்: 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் மட்டும் கழியும். ஞாயிறு, பண்டிகை எதுவும் கழியாது. கோர்ட் இல்லையென்றால் மாஜிஸ்திரேட் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒருவரைத் தன் விருப்பப்படி எழுந்து போக விடாத நொடியிலேயே கைது தொடங்கிவிடுகிறது. மெமோ எழுதிய நேரத்திலிருந்து எண்ணுவது ஸ்டேஷனின் வசதி, சட்டம் அல்ல.

விசாரணைக்கு அழைப்பதற்கும் முறை உண்டு. ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் கைது தேவையில்லை என்றால் பிரிவு 35(3)இன்படி எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2025இல் சொல்லிவிட்டது. நோட்டீஸை மதித்து ஆஜராகிறவரைக் கைது செய்ய வேண்டுமானால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். சாட்சியாக விசாரிப்பதென்றால் பெண்கள், 15 வயதுக்குட்பட்டவர்கள், 60 வயது தாண்டியவர்களை அவர்கள் இருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் (பிரிவு 179).

கைது என்று முடிவானால், செய்கிற அதிகாரியின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். மெமோவில் குடும்பத்தாரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட, கைதானவரும் கையெழுத்திட வேண்டும். தேதி, நேரம், இடம் மூன்றையும் படித்துவிட்டுப் போடுங்கள். நேரம் தவறாக இருந்தால் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே "என்னை அழைத்து வந்தது காலை 10 மணிக்கு" என்று உங்கள் கையால் எழுதுங்கள். எழுத விடாமல் மறுத்தால் மாஜிஸ்திரேட்டிடம் அதையே முதலில் சொல்லுங்கள். விசாரணையில் போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே சட்டம் அனுமதிக்கவில்லை. இது தெரியாமல் போட்டுக் கொடுப்பவர்கள் ஏராளம்.

காரணம் சொல்வதென்றால் பிரிவு எண்ணை மட்டும் சொல்வதல்ல. என்ன செய்ததாகக் குற்றம் சாட்டுகிறார்கள் என்பது தெரிய வேண்டும். எந்தக் குற்றமானாலும் காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும், உடனே முடியாவிட்டால் ரிமாண்டுக்கு (காவலில் வைக்கக் கேட்டு மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு) இரண்டு மணி நேரம் முன்பாவது கையில் கொடுத்துவிட வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவரிடம் ஆங்கிலத் தாளை நீட்டினால் அது காரணம் தெரிவித்ததாகாது.

மருத்துவப் பரிசோதனைதான் பலரும் கோட்டைவிடும் இடம். காவலர் பக்கத்திலேயே நிற்பார், டாக்டர் "ஏதாவது காயம் இருக்கா?" என்பார், பதில் "இல்லை" என்று வந்துவிடும். பிறகு எலும்பு முறிவு தெரியவந்தால் "வழுக்கி விழுந்தார்" என்ற கதைக்கு அந்த "இல்லை" துணை நிற்கும். காவலரை வெளியே நிற்கச் சொல்லுமாறு டாக்டரிடம் கேளுங்கள். எந்த இடத்தில் வலி, எதனால் வந்தது, எப்போது என்று சொல்லி எழுதச் செய்யுங்கள். அறிக்கையின் நகல் கைதானவருக்கோ அவர் சொல்லும் நபருக்கோ கிடைக்க வேண்டும் (பிரிவு 53).

வெளியே இருக்கும் குடும்பத்தாரும் சும்மா காத்திருக்க வேண்டாம். கூட்டிப் போன உடனேயே, எத்தனை மணிக்கு, எந்த ஸ்டேஷன், யார் வந்தார்கள் என்று எஸ்.பி. அல்லது கமிஷனர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். மெமோ நேரத்தோடு மோதப்போகிற ஆவணம் அதுதான். விசாரணை முழுக்க இல்லாவிட்டாலும் இடையில் வக்கீலைச் சந்திக்கும் உரிமை உண்டு (பிரிவு 38). வசதியில்லாதவர்கள் சட்ட உதவிக்கு 15100ஐ அழைக்கலாம். ஸ்டேஷன் சிசிடிவி பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற உத்தரவு. ஆனாலும் "கேமரா பழுது" என்ற பதில் வரும். ஆகவே அந்த நாளின் பதிவை அழிக்காமல் வைக்கக் கோரும் மனுவை முதல் ரிமாண்டு அன்றே மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்துவிடுங்கள்.